நாட்டுப்புறம் எது? நாட்டுப்புற மாணவர் வலிமை எது?

"நாட்டுப்புறம்" என்னுஞ் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். எனினும், அதன் எல்லையை வரையறுத்துக் கூறுக என ஒருவர் கேட்பின் விடை பகரத் தயங்குகின்றோம். வயலும் வாய்க்காலும் உள்ள இடம் என்பார் ஒருசாரார். வசதி குறைந்த இடம் என்பார் மற்றொரு சாரார். நகரம் அல்லாத இடம் என்று கூறி அமைவார் பிறர். சொல்லின் பொருள் தெளிவில்லாதபோதும், அதனைக்கொண்டு மக்களை மதிப்பிடுவதில் மட்டும் நமக்குத் தயக்கம் இல்லை. "நாட்டுப்புறத்தான்", "பட்டிக்காட்டான்" என்பன இன்றும் இகழ்ச்சிச் சொற்களாகவே வழங்குகின்றன. நகரம் என்ற சொல்லின் வழியிலேயே நாகரிகம் என்ற சொல்லும் பிறந்தது. மேனாட்டு மொழிகள் சிலவற்றிலும் நகரைக் குறிக்குஞ் சொல்லினின்றே பண்பு நயத்தைக் குறிக்குஞ் சொல் தோன்றிற்று. சொற்களுக்கு விலை குறித்தவர் நகரத்தாராதலின் இது வியப்பன்று.

ஆயின், கற்பிக்கும் ஆசிரியருக்கு இது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. தம்முன் அமர்ந்திருக்கும் மாணவனை இச்சொல்லின் வழியே அவர் நோக்குவாராயின், அவன் கொண்டுவந்திருக்கும் பொருளைக் காணாது விடுவர். அவனிடம் இல்லாதவற்றையே எண்ணிக்கொண்டிருப்பர். கல்முனைக் கரையோரத்துப் பாடசாலைகளில் நெடுங்காலம் புவியியல் கற்பித்தவன் என்ற முறையில், நாட்டுப்புறம் என்பது யாது, அங்கிருந்து வரும் மாணவரின் வலிமை யாது என்னும் இரு வினாக்களையும் ஈண்டு ஆராய முற்படுகின்றேன்.

சட்டம் காட்டும் எல்லை

இலங்கையின் குடிசன மதிப்புக் கணக்கு நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்று துறைகளாக வகுக்கின்றது. மாநகர சபை, நகர சபை ஆகியவற்றின் ஆட்சிக்கு உட்பட்ட இடங்கள் நகரம் எனப்படும். இருபது ஏக்கருக்குக் குறையாத பரப்பும், அங்கேயே வதியும் தொழிலாளர் பதின்மருக்குக் குறையாமலும் உள்ள பெருந்தோட்டங்கள் தோட்டத்துறை எனப்படும். எஞ்சிய யாவும் கிராமம். இவ்வரைவிலக்கணத்தை ஊன்றி நோக்கின் ஓர் உண்மை புலனாகும். நகரத்துக்கு ஓர் அடையாளம் கூறப்பட்டது; தோட்டத்துக்கும் ஓர் அடையாளம் கூறப்பட்டது; கிராமத்துக்கோ அடையாளம் எதுவுங் கூறப்படவில்லை. கழித்தபின் மிஞ்சுவதே கிராமம்.

இம்முறையினால் விளையும் விந்தை ஒன்றுண்டு. 1981 ஆம் ஆண்டுக் கணக்கின்படி இலங்கை மக்களுள் 21.5 வீதத்தினர் நகரவாசிகள். 2012 ஆம் ஆண்டுக் கணக்கின்படியோ 18.2 வீதத்தினரே நகரவாசிகள். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் மக்கள் நகரங்களை விட்டுக் கிராமங்களுக்குக் குடிபெயர்ந்தனரோ எனின், அன்று. முற்காலத்தில் பட்டின சபைப் பகுதிகளும் நகரமாகக் கணிக்கப்பட்டன. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின்பின் அப்பகுதிகள் பிரதேச சபைகளுள் அடங்கின. அடங்கவே, அவை கிராமமாயின. பட்டினத்திலே வாழ்ந்தவர் தம் வீட்டை விட்டு ஓரடியேனும் நகராமல் கிராமவாசி ஆயினர்.

இதனை எம்மூர்ப் பக்கத்தில் கண்கூடாகக் காணலாம். கல்முனை 2001 ஆம் ஆண்டில் மாநகர சபையாயிற்று. வடக்கே பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி என நீண்டு, தெற்கே சாய்ந்தமருதோடு அம்மாநகரத்தின் எல்லை முடிகின்றது. சாய்ந்தமருதுக்கு அடுத்தது மாளிகைக்காடு. இவ்விரண்டுக்கும் இடையில் ஆறில்லை, வெளியில்லை, வீடுகள் தொடர்ந்தே செல்கின்றன. இரண்டூராருக்கும் ஜும்ஆப் பெரிய பள்ளிவாசலும் ஒன்றே. ஆயினும் மாளிகைக்காடு காரைதீவுப் பிரதேச சபையைச் சேர்ந்தது. ஆதலின் சாய்ந்தமருதில் உள்ள பிள்ளை நகரத்துப் பிள்ளை; அடுத்த ஒழுங்கையில் வாழும் அதன் மாமி மகளோ கிராமத்துப் பிள்ளை. தெற்கே சென்றால் காரைதீவும் நிந்தவூரும் ஒலுவிலும் அட்டாளைச்சேனையும் கிராமம்; 2011 இல் மாநகர சபையான அக்கரைப்பற்று நகரம். அக்கரைப்பற்றில் விடியுமுன் வயலுக்குப் போகும் உழவர் எத்துணைப் பேர் என்பதை அவ்வழியே பேருந்திற் செல்பவரெவரும் அறிவர்.

பிற நாட்டார் வேறு அளவுகோல்களைக் கைக்கொள்வர். டென்மார்க்கில் 200 பேர் நெருங்கி வாழும் இடமும் நகரக் கணக்கிற் சேரும். இந்தியாவில், சட்டத்தால் நகரமாக்கப்பட்ட இடங்களேயன்றி, 5,000 பேருக்குக் குறையாத மக்களும், ஒரு சதுர கிலோமீற்றருக்கு 400 பேருக்குக் குறையாத அடர்த்தியும், ஆண் தொழிலாளருள் நூற்றுக்கு 75 பேரேனும் வேளாண்மையல்லாத தொழில் செய்தலும் உள்ள ஊர்களும் நகரமாகக் கொள்ளப்படும். ஐக்கிய நாடுகளின் புள்ளிவிவர ஆணைக்குழு 2020 இல் ஏற்றுக்கொண்ட முறையோ ஆட்சி எல்லையை நோக்காது, மக்கள் தொகையையும் அடர்த்தியையுமே நோக்கும். 5,000 பேர், சதுர கிலோமீற்றருக்கு 300 பேர் என்ற அளவைக் கடந்தாற் பட்டினம். 50,000 பேர், சதுர கிலோமீற்றருக்கு 1,500 பேர் என்ற அளவைக் கடந்தால் நகரம். இவ்வளவுகோலை எடுத்து அளப்பின் மருதமுனை முதல் நிந்தவூர் வரையுள்ள கரையோரம் முழுவதும் நகரமாகிவிடும். ஓரூர் ஒரு கோலால் அளக்கக் கிராமமும், மற்றொரு கோலால் அளக்க நகரமுமாதல் கூடும். ஆகவே, நாட்டுப்புறம் என்னும் பெயர் ஊரின் இயல்பை விட அளப்பவரின் நோக்கத்தையே பெரிதுங் காட்டுகின்றது எனலாம்.

நிலமும் தொழிலும்

அங்ஙனமாயின் நாட்டுப்புறத்தின் இயல்பை அறியும் வழி யாது? தமிழிலக்கண நூலார் நிலத்தைப் பாகுபடுத்திய முறை இங்கு நமக்குத் துணையாகும். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அவ்வளவில் நில்லாது, அந்நிலத்து மக்களின் உணவு, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றும், அவர்தம் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றும் வகுத்தார். ஒரு நிலம் இன்னதென்பது அதன் மண்ணால் மட்டுமன்றி, அம்மண்ணில் மக்கள் எதை உண்டு, எத்தொழில் செய்து, எங்ஙனம் ஒருவரோடொருவர் ஒழுகுகின்றனர் என்பதனாலும் அறியப்படும் என்பதே அவர் கருத்து. ஆட்சி எல்லையைக் கொண்டு அளப்பதிலும் இது நுட்பமான முறையாகும்.

இம்முறையால் நோக்குங்கால், கல்முனைக் கரையோரம் நெய்தலும் மருதமும் மயங்கிய நிலமாகும். கிழக்கே கடல், கடலை அடுத்து ஒடுங்கிய மணற்றிடல், அத்திடலின்மேல் நெருங்கிய ஊர்கள், அவற்றின் மேற்கே வயல்வெளி. அவ்வயல்களுக்குப் பட்டிப்பளை ஆறு எனத் தமிழில் வழங்கும் கல்லோயா நீர் தருகின்றது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின்பின் அந்நீர் அணையிலே தேக்கப்பட்டு வாய்க்கால்வழி வருகின்றது. மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியாயிருந்த இந்நிலப்பரப்பு 1961 இல் அம்பாறை மாவட்டமாயிற்று.

மணற்றிடலில் மக்கள் இத்துணை நெருங்கி வாழ்வதற்கு வணிகம் மட்டும் காரணமன்று. குடிவழக்கமும் ஒரு காரணமாகும். கிழக்கிலங்கையில் முஸ்லிம்களும் தமிழரும் தாய்வழிக் குடிமுறையைப் போற்றி வந்தவர்கள். மகளுக்கு வீடு கொடுத்து மணமுடித்தலும், மணமகன் மனைவியின் வீட்டிற் சென்று வாழ்தலும் இங்கு வழக்கம். தாயின் வளவிலேயே மூத்த மகளுக்கொரு வீடு, இளைய மகளுக்கொரு வீடு என எழும்ப, ஒரு தலைமுறையில் ஒரு வீடு நின்ற வளவில் அடுத்த தலைமுறையில் மூன்று வீடுகள் நிற்கும். வயலோ மேற்கே பல கிலோமீற்றருக்கு அப்பால் வட்டையிலே கிடக்கும். ஆசிரியரும் எழுதுவினைஞரும் கடைக்காரருங்கூட ஓரிரண்டு ஏக்கர் வயல் வைத்திருத்தல் இங்கு அரிதன்று. எனவே, வீடு பார்க்கின் நகரம். வேலை பார்க்கின் நாட்டுப்புறம். மருதமுனையில் தறியும், கரையிற் கரைவலைத் தோணியும், கல்முனையிற் கடைத்தெருவும் இவற்றோடு கலந்தே இருக்கின்றன.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், கல்வியைப் பொறுத்தவரையில் நாட்டுப்புறத்துக்கு மூன்று அடையாளங்கள் கூறலாம். முதலாவது, குடும்பத்தின் வாழ்வு பருவத்தோடு பிணைந்திருத்தல். மழையும் வெள்ளாமையும் கடற்பாடும் பிள்ளையின் பாடசாலை நாளையும் தீர்மானிக்கும். இரண்டாவது, அயலார் ஒருவரையொருவர் பெயராலும் குடியாலும் அறிந்து, உழைப்பைப் பகிர்ந்துகொள்ளுதல். மூன்றாவது, உயர்கல்வியும் பெருநூலகமும் உயர் பதவியும் இருக்கும் இடத்திலிருந்து தொலைவு. மட்டக்களப்போடு புகைவண்டிப் பாதை முடிந்துவிடுகின்றது. அதற்குத் தெற்கே கல்முனைக்கோ பொத்துவிலுக்கோ அது வரவேயில்லை. முதலிரண்டு அடையாளங்களும் வலிமைக்கு ஊற்று. மூன்றாவது குறைக்கு ஊற்று. நாட்டுப்புறத்தைப் புகழ்வோர் முன்னவற்றை மட்டும் கூறுவர். இகழ்வோர் பின்னதை மட்டும் கூறுவர். ஒரே மாணவனிடத்தில் இம்மூன்றும் உள்ளன என்பதை இருசாராரும் மறப்பர்.

கல்வி வந்த வழி

இலங்கையில் நாட்டுப்புறப் பிள்ளைகளுக்கு உயர்கல்வியின் கதவைத் திறந்தது இலவசக் கல்வியே. 1931 முதல் 1947 வரை கல்வி மந்திரியாயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 இல் அது நடைமுறைக்கு வந்தது. நகரத்துக் கல்லூரிகளுக்கு ஒப்பான கல்வியை நாட்டுப்புறத்திலேயே தருவதற்கு மத்திய பாடசாலைகள் நிறுவப்பட்டன. மட்டக்களப்புப் பகுதியில் வந்தாறுமூலை மத்திய பாடசாலை அத்தகையது. வயல்சூழ்ந்த அவ்வூரின் பாடசாலை வளவிலேயே 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986 இற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. கிராமத்துப் பிள்ளைகளுக்கென எழுந்த கல்விச்சாலையின் நிலமே பல்கலைக்கழகத்தின் நிலமானது சிந்திக்கத்தக்கது. 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996 இல் முழுமை பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் உள்ளது. சட்டத்தின்படி ஒலுவிலும் கிராமமே.

எனினும், கட்டடத்துக்கு முன் மனிதர் வந்தனர். காரைதீவில் 1892 இற் பிறந்த மயில்வாகனன் என்னும் சிறுவன், கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பயின்று, 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராகி, ஆசிரியப் பணி ஆற்றிக்கொண்டே இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி. எஸ்ஸி. பரீட்சையிலுந் தேறினான். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கி, 1947 இல் யாழ் நூலைத் தந்த விபுலாநந்த அடிகளாரே அச்சிறுவன். வெளிவாரியாகப் படித்துப் பட்டம் பெறும் எம்போன்ற ஆசிரியர் பலருக்கு அவர் வாழ்க்கை ஊன்றுகோலாய் இருந்து வருகின்றது.

யாழ்ப்பாணத்தில் 1911 இற் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்ற ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள், போர்க்காலமாகிய 1942 இல் உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொறுப்போடு உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். உழவரோடு பழகி, காடாய்க் கிடந்த நிலங்களை வயலாக்கத் துணைபுரிந்தார். அக்காலத்தே விபுலாநந்த அடிகளாரோடு அவர் நட்புப் பூண்டார். நெல்லைப் பெருக்க வந்தவர் கல்வியின் தேவையைக் கண்டார். கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. அவ்வனுபவத்தின் வழியே 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி எழுந்தது. இந்துக் கல்லூரி மாணவர் ஒருவர் கல்முனை முஸ்லிம் உழவரின் பிள்ளைகளிடத்திற் கண்ட ஆற்றல், நாடு முழுவதுக்குமான ஒரு நிதியத்துக்கு வித்தாயிற்று. இவ்விதழின் வாசகர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி இது.

பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டப் பங்கீடு 1974 இல் வந்தது. இப்போதைய முறைப்படி, கலை முதலிய சில துறைகள் நீங்கலாக, நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமையாலும், 55 இடங்கள் மாவட்டங்களின் மக்கள் தொகையாலும், 5 இடங்கள் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கெனவும் வழங்கப்படுகின்றன. அப்பதினாறில் அம்பாறையும் ஒன்று. இங்கே அளவுகோல் மாவட்டம்; கிராமமன்று. கல்முனைக் கடைத்தெருவில் தனியார் வகுப்புகளுக்கு நடுவே வாழும் மாணவனும், பொத்துவிலுக்கு அப்பால் விஞ்ஞான ஆசிரியரைக் காணாத மாணவனும் ஒரே வரிசையிற் போட்டியிடுவர். சலுகை வேண்டாம் என்பது என் கருத்தன்று. சலுகையும் உரியவனைச் சென்றடைய, நாட்டுப்புறம் எது என்பதைச் செம்மையாக அறிதல் வேண்டும் என்பதே கருத்து.

மாணவர் கொண்டுவரும் பொருள்

இனி, வலிமையை நோக்குவாம். நாட்டுப்புற மாணவர் எளியவர், அடக்கமுடையவர், கள்ளமற்றவர் என்று புகழ்வது வழக்கம். இது பாராட்டுப்போலத் தோன்றினும், அவர்களை அறிவிலாதவராகக் காட்டும் பாராட்டேயாகும். அவர்கள் வலிமை அறிவின்மையிலன்று, அறிவிலேயே உள்ளது. ஆயின் அவ்வறிவு புத்தகத்தின் வரிசையில் அமைந்ததன்று.

முதலாவது, கண்டறிந்த அறிவு. நீர் மேட்டினின்று பள்ளத்துக்குச் செல்லும் என்பதை நகரத்து மாணவன் படத்திற் காண்பான். வக்கடை திறந்து நீர் பாய்ச்சும் மாணவன், எவ்வளவு சரிவுக்கு எவ்வளவு விரைவு என்பதைக் காலால் அறிவான். மண்ணின் வகை, காற்றின் திசை, நோயுற்ற பயிரின் நிறம் ஆகியவற்றை அவனுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை; அவற்றுக்குரிய கலைச்சொற்களைக் கற்பித்தாற் போதும்.

இரண்டாவது, கணக்கறிவு. ஏக்கருக்கு ஏறத்தாழ இரண்டு புசல் விதைநெல், இன்ன அளவு பசளை, இன்ன வாடகைக்கு உழவு இயந்திரம், இன்ன விலைக்கு நெல் எனக் கூட்டிக் கழித்து, போகம் முடிய மிஞ்சுவது எவ்வளவு என்று மனத்தாலேயே கணிக்கும் பிள்ளைகள், விகிதசமம் என்ற தலைப்பைக் கரும்பலகையிற் கண்டதும் மருளுகின்றனர். கரைவலையில் விழுந்த மீனைப் பங்கிடும் இடத்தில் நின்ற பிள்ளைக்குப் பின்னம் தெரியாதென்பது பொருந்துமோ? தெரியாதது பின்னமன்று, நாம் அதற்கிட்ட வடிவமே.

மூன்றாவது, கூடி உழைக்கும் ஆற்றலும் அயலை அறிந்திருத்தலும். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, இலங்கையில் உயிரிழப்பு மிகுந்த மாவட்டம் அம்பாறையே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாளில் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் காணாமற்போனோர் பட்டியலை எழுதியதை யான் அருகிருந்து கண்டேன். பதிவேடுகளைக் கடல் கொண்டுபோயிற்று. ஆயினும், இன்ன வளவில் இன்ன வீடு, அவ்வீட்டில் இன்னார் இன்னார் என அவர்கள் ஒழுங்கை ஒழுங்கையாகச் சொல்லிச் சென்றனர். அப்பட்டியலைக் கொண்டே பலர் தம்மவரைத் தேடினர். தன் ஒழுங்கையில் வாழ்வோர் அனைவரையும் பெயரோடு அறிந்திருத்தல் ஒரு கல்வி என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

நான்காவது, மொழிவளம். வயலிலும் வீட்டிலும் முதியோர் சொல்லும் கவியும் கதையும் பழமொழியும் கேட்டு வளர்ந்த செவி அது. வெள்ளாமை, வட்டை, வாடி, களவெட்டி என வேளாண்மைக்கே ஒரு சொற்களஞ்சியம் இம்மாணவரிடம் உண்டு. கல்முனைக்குடியிற் பிறந்த பேராசிரியர் எம். ஏ. நுஃமான் அவர்கள் கவிஞராகவும் மொழியியலாளராகவும் விளங்கி, "அடிப்படைத் தமிழ் இலக்கணம்" என்னும் நூலை மாணவருலகுக்குத் தந்தது இம்மண்ணின் மொழிவளத்துக்குச் சான்றாகும்.

பெண்கள் கல்வியைப் பற்றித் தனியே ஒன்று கூறல் வேண்டும். முன்னர்க் கூறிய குடிவழக்கத்தால் மணமான பெண் தாய்வீட்டு வளவிலேயே வாழ்கின்றாள். ஆதலின் அவளுக்கு அளித்த கல்வி ஊரைவிட்டுப் பெரும்பாலும் போவதில்லை. அவள் பிள்ளையும் தங்கை பிள்ளையும் அயல் வீட்டுப் பிள்ளையும் அவளிடமே எழுத்தறிகின்றனர். ஒரு வளவில் ஒரு பெண் பட்டதாரியாயின், பத்தாண்டில் அவ்வளவு முழுவதும் மாறக் கண்டிருக்கின்றேன்.

இவ்வலிமைகள் பள்ளிக்கு வெளியே பயன்பட்டமைக்கு எம் மாவட்டத்திலேயே ஒரு சான்றுண்டு. கல்லோயா இடதுகரை வாய்க்கால்கள் சிதைந்து, கடைப்பகுதி வயல்களுக்கு நீர் எட்டாதிருந்த காலத்தில், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து ஒரு முயற்சியை மேற்கொண்டன. 1981 முதல் இளம் பட்டதாரிகள் உழவரிடையே வாழ்ந்து, அவர்களை ஒன்றுகூட்டும் பணிக்கு அனுப்பப்பட்டனர். அவர்களைத் தெரிந்தபோது கமக்காரக் குடும்பத்திற் பிறந்த நாட்டுப்புறத்துப் பட்டதாரிகளே விரும்பப்பட்டனர். அவர்கள் முயற்சியால் உழவர் தாமே வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறைவைத்து நீர் பகிர்ந்து, தலைப்பிலுள்ளோர் கடைப்பகுதியிலுள்ளோருக்கு நீர் விட்டனர். தலைப்பிற் சிங்கள உழவரும் கடைப்பகுதியில் தமிழ் பேசும் உழவரும் இருந்த வாய்க்கால் அது என்பதை நினைத்தால் அதன் பெருமை விளங்கும். பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் 1992 இல் அவ்வனுபவத்தை நூலாக எழுதினார். உலகெங்கும் நீர் முகாமை பயில்வோர் இன்றும் அதனைக் கற்கின்றனர். வேலையற்ற கலைப் பட்டதாரிகள் எனக் கழிக்கப்பட்டவரிடமிருந்தே அப்பயன் விளைந்தது.

குறைகளும் உண்மையே

இவ்வாறு கூறுதலால் குறைகளை மறைத்தல் என் நோக்கமன்று. ஆங்கில அறிவு போதாமை உண்மை. ஆய்வுகூடம் இருந்தும் ஆசிரியர் இல்லாமை, ஆசிரியர் வந்தும் ஆண்டு முடியுமுன் இடமாற்றம் பெறுதல் உண்மை. நெருங்கிய வளவில் தனித்திருந்து படிக்க ஓர் அறையில்லாமையும் உண்மை. வலிமையைப் பாடிக்கொண்டிருந்தால் ஆய்வுகூடம் வந்துவிடாது. ஏழ்மையை ஒரு சிறப்பென்று போற்றுபவர் அதனை நீக்க வேண்டிய கடமையினின்று தப்பிக்கொள்கின்றனர். ஆயினும், குறையை நிரப்பும் வழியும் வலிமையின் ஊடாகவே செல்லுதல் வேண்டும். அதனை யான் அறிந்தது ஒரு தவறு செய்தே.

ஆசிரியத் தொழிலில் இளமைக்காலத்தில், உயர்தரப் புவியியல் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். மாசி, பங்குனி மாதங்களில் அவன் கிழமைக்கு இரண்டு நாள் வரமாட்டான். வந்த நாளிலும் மேசைமேற் சாய்ந்து உறங்குவான். காரணம் வினவியபோது, "வெள்ளாமை விளைஞ்சிட்டு சேர். யானை வருது. வாப்பா தனிய வாடிக்குள்ள இரிக்கார்," என்றான். இரவு முழுவதும் காவலிருந்து, விடிந்ததும் வகுப்புக்கு வருபவன் அவன். யான் அதனைச் சாக்கென்று கொண்டேன். படிப்பில் அக்கறையுள்ளவன் வழி காண்பான் என்று வகுப்பறிய இடித்துரைத்தேன். அடுத்த கிழமை அவன் வரவில்லை. பின் ஒருபோதும் வரவில்லை. வரவுப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே கோடு கீறியவனும் யானே.

சில ஆண்டுகளின்பின் வயற்புறத்தில் அவனைக் கண்டேன். தன் வட்டையில் எவ்வயலுக்கு எந்நாளில் எத்தனை மணி நேரம் நீர் என்பதைக் குறிக்கும் கொப்பி அவனிடம் இருந்தது. அதன் முதற் பக்கத்தில் வாய்க்கால்களின் படம் ஒன்றை வரைந்திருந்தான். வடக்குத் திசை, குறியீடு, அளவுத்திட்டம் யாவும் செம்மையாயிருந்தன. என் வகுப்பில் எவரும் அத்துணைத் திருத்தமாகப் படம் வரைந்ததில்லை. யான் அதையே நோக்கி நிற்பதைக் கண்டு, "நீங்க படிப்பிச்ச அளவுத்திட்டந்தான் சேர்," என்றான். அவன் குரலில் மனத்தாங்கல் எதுவும் இருக்கவில்லை. அதனாலேயே அச்சொல் என்னை இன்றும் விடாது தொடர்கின்றது. நாட்டுப்புறத்தின் வலிமை முழுவதும் உருக்கொண்டு என் வகுப்பில் அமர்ந்திருந்தது. உறங்குகின்றது என்று அதனை வெளியேற்றினேன்.

கல்லூரிகள் செய்யத்தக்கவை

டென்மார்க்கில் குருண்ட்விக் என்னும் அறிஞரின் கருத்தைத் தழுவி, 1844 இல் ரோடிங் என்னும் ஊரில் உழவர் மக்களுக்கென ஒரு நாட்டார் உயர்கல்விச்சாலை தொடங்கிற்று. அதன் வழிவந்த கல்விச்சாலைகள், வயல்வேலை இல்லாத குளிர்காலத்தில் இளைஞர்க்கு வகுப்பு நடத்தின. பிற்காலத்து டேனியக் கூட்டுறவு இயக்கத்துக்கு ஆள் தந்தவற்றுள் அவையும் அடங்கும். தமிழ்நாட்டில் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தில் 1956 இல் எழுந்த கிராமிய நிறுவனம், கிராமத்தையே பாடமாகக் கொண்டு உயர்கல்வி அளிக்கலாம் என்பதைக் காட்டி, 1976 இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. காலத்தையும் பாடத்தையும் மாணவரின் வாழ்வோடு பொருத்துதல் இயலாததன்று என்பதற்கு இவை சான்று.

நமக்கு அதற்கு முன்மாதிரியும் வீட்டிலேயே உண்டு. இலங்கையின் முஸ்லிம் பாடசாலைகளின் தவணைகள் நோன்பு மாதத்தை நோக்கி அமைக்கப்படுகின்றன. ஒரு சமூகத்தின் வாழ்வு முறைக்கேற்ப நாட்காட்டியை வகுத்தல் முறையென ஏற்றுக்கொண்ட நாம், அறுவடைக் காலத்து மாணவனுக்கு ஒரு மாற்று வகுப்பையேனும் ஒழுங்கு செய்தல் அரிதோ? வரவு குறைந்த மாணவனின் பெயருக்குக் கோடு கீறுமுன், ஆசிரியர் ஒருமுறை அவன் வளவுக்கும் வாடிக்கும் சென்று வருதல் வேண்டும். புவியியற் செயன்முறையை வாய்க்காற் கரையிலும், கணிதத்தைக் களவெட்டியிலும், தமிழ்ச் சொல்லாராய்ச்சியை மூதாட்டியரிடத்திலும் தொடங்குதல் வேண்டும். தொடங்கிய பின், ஆங்கிலத்துக்கும் ஆய்வுகூடத்துக்கும் அவனை அழைத்துச் செல்லுதல் எளிதாகும். ஏனெனில் தனக்கு ஏதோ தெரியும் என்ற துணிவோடு அவன் வருவான்.

நகரக் கல்லூரிகளின் பழைய மாணவர்க்கும் ஒரு கடமையுண்டு. உங்கள் அலுவலகத்துக்கும் விடுதிக்கும் வரும் நாட்டுப்புற இளைஞனின் ஆங்கில உச்சரிப்பை அளக்குமுன், அவன் எத்தனை இரவு காவலிருந்து அங்கு வந்து சேர்ந்தான் என்பதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். காரைதீவுச் சிறுவன் ஒருவனைப் பேராசிரியராகக் கண்டதும், கல்முனை உழவரின் பிள்ளைகளுக்காக நிதியம் திரட்டியதும் இந்துக் கல்லூரிகளோடு தொடர்புடையோரே.

முடிவாக, நாட்டுப்புறம் என்பது தேசப்படத்தில் நகரத்தைக் கழித்தபின் மிஞ்சும் வெற்றிடமன்று. பருவத்தோடு பிணைந்த தொழிலும், பெயரறிந்த அயலும், கடக்கவேண்டிய தொலைவும் சேர்ந்த ஒரு வாழ்நிலை அது. முன்னிரண்டையும் மாணவன் தானே சுமந்து வருகின்றான். தொலைவைக் குறைப்பது ஆசிரியரும் கல்லூரியும் அரசும் செய்யவேண்டிய பணி. எம் பங்கை யாம் செய்யாது விட்டு, அவன் வரவில்லை என்று பதிவேட்டிற் குறித்தல் நேர்மையாகாது.